இரவு இரண்டு மணி வெயில்

"அம்மா, கடல் உள்ள வந்துடுச்சு"
என்று என் தோளைச் சுரண்டினான் ஐவின்ட்.

கடல் வரவில்லை.
மூன்று வயதின் சின்ன ஆறு
போர்வை விரிப்பு பஞ்சு எல்லாம் கடந்து
கட்டிலுக்கடியில் செருகியிருந்த
உருளைக்கிழங்குப் பை வரை போயிருந்தது.

மணி ஒன்று ஐம்பது.
சன்னலில் ஒட்டிய அலுமினியத் தாளின்
ஓட்டைகள் வழியே
ஊசி ஊசியாய் வெயில்.
இந்த வராங்கர் கரையில் சூரியன்
மே மாதம் எழுந்தால்
ஜூலை கடைசியில்தான் படுக்கிறது.
படுக்க வைக்க
அதற்கும் யாரும் கதை சொல்லவில்லை போலும்.

நாங்கள் தெற்கே ஸ்தவாங்கர்க்காரர்கள்.
அங்கே கோடையிலும் இரவென்று ஒன்று வரும்,
சாம்பல் நிறத்திலாவது.
இங்கே வந்த நான்கு நாளாய்
"இன்னும் நேத்துதானா?" என்று கேட்கிறாள்
ஆறு வயது சுன்னிவா.
பதில் எனக்கும் தெரியவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
விற்றவர் வலை பழுதுபார்ப்பவர்.
மழை பிடித்தால்
ஒரு கூடை காட் மீனும் எங்களோடு பயணம் செய்யும்.
ஒருவர் பல் துலக்க
மற்ற மூவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.
இத்தனை சின்ன இடத்தில்
இரண்டு பேர் பேசாமல் இருப்பது
எத்தனை பெரிய வேலை!

தானா பாலத்திலிருந்து நாங்கள் பேசவில்லை.
எரிவாயு உருளையை நிரப்பினாயா என்றேன்.
நீ சொல்லவே இல்லையே என்றான் ஹால்வார்ட்.
அவ்வளவுதான்.
அதன்பின் நாற்பத்தொரு கலைமான்கள்
சாலையை மறித்து நின்று போயின.
சுன்னிவா எண்ணினாள்,
நாங்கள் ஆளுக்கொரு கண்ணாடி வழியே
வேறு வேறு மலைகளைப் பார்த்தோம்.
இரவுச் சாப்பாடு
காய்ந்த ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்.
சூடாய் எதுவும் இல்லை,
கோபத்தைத் தவிர.

ஈர மெத்தை கனக்கும்.
தனியாளாய் வாசல்வரை இழுத்தேன்.
அங்கே சிக்கிக்கொண்டது.
கம்பளிக் காலுறையோடு வந்து
மறுமுனையைப் பிடித்தான்.
"இடது பக்கம்" என்றான்.
"கொஞ்சம் தூக்கு" என்றேன்.
பன்னிரண்டு மணி நேரத்தில்
நாங்கள் பேசியது இந்த நான்கு சொல்தான்.

முன்புறக் கண்ணாடிமேல் சாய்த்துப் போட்டோம்.
வடக்கில், கடலுக்கு ஒரு சாண் மேலே,
தணல்போல் உட்கார்ந்திருந்தது வெயில்.

நண்டு வாளியோடு கரையேறி வந்த ஒருவர்
வணக்கம் சொல்ல வாய் திறந்தார்.
காலை வணக்கமா இரவு வணக்கமா என்று குழம்பி
எங்களையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்து,
"காத்து திரும்பும். கல்லு வைங்க" என்று
சொல்லிவிட்டுப் போனார்.

கல்லுக்கு எங்கே போவது,
கரையெல்லாம் பாசியும் மணலும் என்று நிற்கையில்
பின்னாலிருந்து சுன்னிவா.
இரவு உடையைப் பை போல மடித்துப் பிடித்து
அதற்குள்
நேற்றும் முந்தாநாளும் அதற்கு முந்தைய நாளும்
"வண்டியில் இனி ஒரு கல்கூட ஏறக்கூடாது" என்று
நான் கத்திய பிறகு ஏறிய கற்கள் அத்தனையும்.
"தலையணைக்குள்ள இருந்துச்சு" என்றாள்,
திட்டுக்குத் தயாரான முகத்தோடு.

ஹால்வார்டுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
அப்புறம் எனக்கு.
அப்புறம் நிறுத்த முடியவில்லை.

நான்கு மூலைக்கும் கல் வைத்தாள்.
மீந்ததை நடுவில் வட்டமாய் அடுக்கினாள்.
ஓட்டுநர் இருக்கையில், என் மேல்சட்டைக்குள்
சுருண்டு தூங்கிய ஐவின்டின் பாதம்
ஒருமுறை ஒலிப்பானை மிதிக்க
கரையிலிருந்த பறவையெல்லாம் எழும்பி
மறுபடி அமர்ந்தன.

உருளைக்கிழங்கை என்ன செய்வதென்று
இருவரும் பேசினோம்.
கழுவலாம் என்றான்.
தோல் சீவலாம் என்றேன்.
எப்படியும் வேகவைக்க வழியில்லை.

நான்கு மணிக்கு மெத்தையைத்
திருப்பிப் போட்டோம்.
அந்தப் பக்கம்
இன்னும் ஈரம்.